கை வைத்துப் பார்க்கிறவர்

எங்கே போனாலும் அவருடைய கை முதலில் போகும், ஆள் பிறகுதான் போவார். மீன் சந்தையிலும் துணிக்கடையிலும் கல்யாணப் பந்தலிலும் அவர் எதையும் தொட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொண்டதில்லை. குழம்பு கொதிக்கிறது, பார்த்து என்று பரிமாறுகிறவன் சொன்னால் விரலை விட்டுப் பார்ப்பார். சுட்டதும் விரலை வாயில் வைத்துக்கொண்டு, "சூடுதான் கேட்டியா" என்று எங்களிடம் சொல்லுவார். நாங்கள்தான் அதுவரை நம்பாமல் இருந்தது மாதிரி இருக்கும் அவர் சொல்லும் தோரணை.

கப்பலில் அவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த சரக்குக் கப்பலில் நாங்கள் மூன்று பேர் கேரளத்தின் தென்கோடியில் ஒரே பக்கத்துக்காரர்கள். அண்ணன் பொழியூர்க் கடற்கரை. கயிறு, நங்கூரம், பெயின்ட் என்று மேல்தளத்து வேலை முழுக்க அவருடையது. ஞானதாஸ் வெள்ளறடைக்காரன், வீட்டில் ரப்பர் தோட்டம். அவன் இஞ்சின் அறையில் எண்ணெய்க்குள் கிடந்தான். நான் குன்னத்துகால். எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் வாழையும்தான். கப்பலில் எனக்குச் சமையலறை வேலை. பாறசாலை ஜங்ஷனில் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நின்றிருந்தாலும் நாங்கள் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். நடுக்கடலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம்.

பெயின்ட் அடித்த இடத்தில் ஈரம் என்று பலகை மாட்டுவது வழக்கம். அந்தப் பலகையை மாட்டுகிறவரே அண்ணன்தான். மாட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார், திரும்பி வருவார், பெருவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். எங்கள் கப்பலின் கைப்பிடிக் கம்பிகளில் பாதிக்குமேல் அவருடைய ரேகை பதிந்திருந்தது. போஸன் என்று நாங்கள் சொல்லும் தளத்து மேஸ்திரி ஒரு நாள் பொறுக்க முடியாமல், நீ அடித்த பெயின்ட்டில் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கத்தினார். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்து, "அடிச்சது நான் ஆக்கும். காய வைக்கியது நான் இல்லியே" என்றார். மேஸ்திரிக்கு மொழி புரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

ஒரு விடுமுறையில் மூன்று பேரும் ஒரே சமயம் ஊரில் இருந்தோம். ஞானதாஸ் எங்களை வெள்ளறடைக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் அப்பா கொடியில் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டிருந்தார். அண்ணன் வரிசையாக ஒவ்வொரு ஷீட்டையும் கிள்ளிக்கொண்டே போனார். பெரியவர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு ஞானதாஸைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்க கூட்டுக்காரன் ஷீட்டு எடுக்க வந்த ஏவாரியா?" என்று கேட்டார். இல்லை, கப்பல்காரர் என்றான் அவன். "பின்ன எதுக்கு மாட்டுக்க மடியைப் பிடிச்சுப் பாக்க மாதிரி பாக்கியாரு" என்று பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். சாப்பிடும்போது அண்ணன் பெரியவரிடம், மூன்றாவது வரிசையில் ஒரு ஷீட் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, வெயில் போதாது என்று மிகவும் அக்கறையாகச் சொன்னார். அது அந்தக் குடும்பத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

இதனால் அவர்மேல் எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே நம் சட்டைத் துணியைப் பிடித்து நெரித்துப் பார்ப்பார். தலைவலி என்றால் கை நெற்றிக்கு வந்துவிடும், அதுவும் தார் வாடையோடு. ஆனால் நிஜமாகவே காய்ச்சல் வந்து கிடந்த நாளில் அந்தக் கை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெண் பார்க்கப் போன கதையை அவருடைய மச்சினன் பீட்டர்தான் எனக்குச் சொன்னான். பெண் வீடு திருப்புறத்தில். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டுகிறாள். மாப்பிள்ளை டம்ளரை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சபை எழுந்துவிட்டது. பீட்டர் அப்போது கல்லூரியில் படிக்கிற பையன், முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். அண்ணன் கையை விடாமலே பெண்ணின் அம்மாவைப் பார்த்து, "பிள்ளைக்கு நல்ல காய்ச்சல் உண்டு. இவளை எதுக்கு உடுத்தி நிறுத்தியிருக்கிய? உள்ள பெய் படுக்கச் சொல்லுங்க. நாங்க வேற நாள் வாறோம்" என்றாராம். மூன்று நாளாகக் காய்ச்சல், சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமே என்று மறைத்து வைத்திருந்தார்கள். "நான் அடிக்கப் போன கை அண்ணைக்கே தாந்து போச்சு" என்று பீட்டர் சிரிப்பான். கல்யாணம் அடுத்த மாதமே நடந்தது.

குழந்தை பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். ஊரிலிருந்து படம் வந்தது. நாங்கள்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வழவழாண்ணு இருக்கு" என்று உறைக்குள் வைத்துவிட்டார். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போனபோது குழந்தைக்கு எட்டு மாதம். பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டிலுக்குப் போய், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, உள்ளங்காலைத் தடவி, கடைசியில் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "இவளுக்க நெஞ்சுக்குள்ள என்னமோ அதிருது" என்றார். பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சுச் சளி என்று நினைத்திருந்தோம் என்று மனைவி சொன்னாள். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் குழல் வைத்துப் பார்த்து, உடனே திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். இருதயத்தில் ஓட்டை. கொஞ்சம் வளரட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று அங்கே சொன்னார்கள்.

வளர்வதற்குக் காத்திருக்கிற அந்தக் காலத்தில்தான் அவர் மறுபடி கப்பல் ஏறினார். ஏறிய பிறகு குழந்தைக்கு அடிக்கடி மூச்சுத் திணறல் வந்து, இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு துறைமுகத்திலிருந்து அவர் பீட்டருக்குப் போன் போட்டபோது இது தெரிந்தது. அவருக்கு மாற்றாள் வருவதற்கு வழியில்லை, இறங்கவும் முடியவில்லை. எந்த நாளில் ஆபரேஷன், மறுநாள் எங்கள் கப்பல் எங்கே நிற்கும் என்றெல்லாம் போனிலேயே கணக்குப் போட்டு, பீட்டர் ஒரு ஏற்பாடு சொன்னான். எங்கள் ஊர்ப்பக்கம் உச்சக்கடையில் அவனுக்குத் தெரிந்தவருடைய டெலிபோன் பூத் ஒன்று உண்டு. அந்த நம்பர் ஒன்றுதான் அண்ணனுக்கு மனப்பாடம். ஆபரேஷனுக்கு மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஏழு மணிக்கு அவன் அந்தப் பூத்தில் நிற்பான். எட்டு மணிக்குப் பூத் அடைத்துவிடும். அவனுக்கும் திருவனந்தபுரத்துக்குக் கடைசி பஸ் போய்விடும்.

அந்த மறுநாளில்தான் நாங்கள் லிஸ்பனில் இருந்தோம். ஊரில் ஏழு மணி என்றால் அங்கே மத்தியானம் இரண்டரை. சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. பிறகு அடுத்த கரையைப் பார்க்க எத்தனையோ நாளாகும். ஆக, ஆபரேஷன் முடிந்துவிட்டது. குழந்தை இருக்கிறாளா இல்லையா என்பது திருவனந்தபுரத்தில் எல்லாருக்கும் தெரியும், அவளுடைய அப்பாவுக்கு மட்டும் இரண்டரை மணிவரை தெரியாது. கெட்ட செய்தி என்றால் கேப்டனுக்கு முதலில் வந்திருக்கும், கேப்டன் கூப்பிடவில்லையே, அதுவே நல்லதுதான் என்று ஞானதாஸ் சொன்னான்.

காலையிலேயே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மூன்று பேரும் கரை இறங்கினோம். இரண்டரைவரை இந்த மனிதனைக் கப்பலில் சும்மா வைத்திருக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை. துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில் ஒரு பெரியவர் ஊர்ப்படம் கொடுத்து, பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்களைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். வழியில் நல்ல காப்பிக் கடைகள் உண்டு என்றும் சொன்னார். எனக்கு அருங்காட்சியகம் என்றாலே ஆசை. அந்த ஆசையை அன்று வெளியே காட்டாமல் இருக்கப் பாடுபட்டேன்.

முதலில் ஒரு காப்பிக் கடை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற கோப்பையில் கறுப்புக் காப்பி வந்தது. ஞானதாஸ் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "இது சாம்பிளா?" என்று கேட்டான். கூடவே மேலே கருகின முட்டைப் பலகாரம். அண்ணன் அதன் ஓரத்தை விரலால் தட்டி, மொறுமொறுப்பு சரியா என்று பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். பக்கத்து மேசைப் பளிங்கைத் தடவினார். ஜன்னல் கட்டையைத் தடவினார். கடைக்காரர் எங்களையே பார்த்தார்.

முதல் அருங்காட்சியகத்தில் பழைய ராஜாக்களின் குதிரை வண்டிகள். தங்க முலாம் பூசிய சக்கரங்கள், வெல்வெட் இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கயிறு கட்டி, தொடாதே என்று பல மொழிகளில் எழுதியிருந்தது. நானும் ஞானதாஸும் கண்ணால் பேசிக்கொண்டோம். அவன் அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டான், நான் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே கைகோத்து அந்த மண்டபம் முழுக்க நடந்தோம். மீசை வைத்த மூன்று ஆண்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாகப் போவதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வழிவிட்டு ஒதுங்கியது. அண்ணன் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு சக்கரத்துக்கு முன்னால் மட்டும் என் பிடிக்குள் அவர் விரல்கள் அசைந்தன. "வேண்டாம் அண்ணே" என்றேன். "நான் ஒண்ணும் செய்யேல்ல மக்கா" என்றார். கை வியர்த்திருந்தது.

மறுபடி ஒரு காப்பிக் கடை. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அங்கேயும் அவர் சாப்பிடவில்லை. போன் கார்டு வாங்கி ஞானதாஸின் பையில் பத்திரமாக இருந்தது. இரண்டாவது அருங்காட்சியகம் ஒரு பழைய கன்னியர் மடம். இரண்டேகாலுக்குள் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் இருக்கும் போன் பெட்டிக்குப் போக நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டது நான்தான்.

உள்ளே ஒரு நீள அறை முழுக்க மரத்தில் செய்த புனிதர்கள். கோவில்களிலிருந்து கொண்டுவந்த சொரூபங்கள். வாசலிலேயே ஞானதாஸ் நின்றுவிட்டான். அவன் எல்.எம்.எஸ். என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், சொரூபம் என்றால் ஆகாது. "எனக்கு இது ஒண்ணும் பாக்கப்பிடாது. நீங்க பெய்ட்டு வாங்க" என்று அண்ணனின் இடது கையை விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கை அப்படிப் போயிற்று. அறைக் கோடியில் ஒரு கடிகாரம் தெரிந்தது. என் கைக்கடிகாரம் கப்பல் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிபண்ண நான் வலது கையையும் விட்டேன்.

எங்கள் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்குச் சொரூபத்தைத் தூரத்தில் நின்று கும்பிட்டால் கும்பிட்ட மாதிரி இராது. திருவிழாவில் கூட்டத்துக்குள் புகுந்து காலைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் நோயாளி கிடந்தால், லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, சொரூபத்தின் காலில் ஒற்றி எடுத்துப் போய் நோயாளியின்மேல் வைப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துச் செய்து வருவது. யோசித்துச் செய்கிற காரியம் அல்ல.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அண்ணன் குழந்தை ஏசுவைக் கையில் வைத்திருக்கும் அந்தோணியாருக்கு முன்னால் நின்றார். கயிற்றுக்கு மேலாக உடம்பை வளைத்து, லேஞ்சியால் அந்தோணியாரின் காலை ஒற்றி, லேஞ்சியை முத்தினார். பிறகு அதைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். குழந்தைக்கு எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இடத்தில்.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண்மணி பார்த்தது வேறு. ஒரு வெளிநாட்டு ஆள் கயிற்றைத் தாண்டிக் குனிந்தான், எதையோ எடுத்தான், சட்டைக்குள் ஒளித்தான். அவள் போட்ட சத்தத்தில் இரண்டு சீருடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அண்ணனை ஒருவன் தோளில் பிடித்தான். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன், என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. ஞானதாஸ் வெளியே இருந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தான். அவன் பேசாமல் இருந்திருந்தால் அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நானும் இவங்களுக்க ஆளாக்கும்" என்று தன் சீட்டையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தான். சொரூபங்கள் இருந்த அறையை அன்று அவன் முழுதாகக் கடந்து போனான்.

மாடியில் ஒரு அலுவலக அறை. அங்கே அதிகாரியாக இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நல்ல ஆங்கிலம். எங்கள் கரை இறங்கும் சீட்டுகளை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். காவல்காரப் பெண்மணி அண்ணனின் நெஞ்சைக் காட்டித் தங்கள் மொழியில் என்னவோ கேட்டாள். அதில் எங்கள் லேஞ்சி மாதிரியே "லென்சு" என்று ஒரு சொல் வந்தது. நாங்கள் விழிப்பதற்குள் அண்ணன் சட்டைக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். வேறொன்றும் இல்லை என்று சீருடைக்காரன் தடவிப் பார்த்து உறுதி செய்தான்.

திருட்டு இல்லை என்று ஆயிற்று. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பழைய வர்ணம், ஈரத் துணி பட்டால் உரிந்துவிடும் என்று அந்த அம்மா சொன்னார். லேஞ்சியை விளக்கடியில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து இஞ்ச் இஞ்ச்சாகப் பார்த்தார். வர்ணமோ தங்கமோ ஒட்டியிருந்தால் போலீஸைக் கூப்பிடாமல் முடியாது என்றார். சுவரில் மணி இரண்டு தாண்டியிருந்தது. போலீஸ் வந்தால் போன் போயிற்று, சாயங்காலம் கப்பலும் போயிற்று. அண்ணன் சுவர்க் கடிகாரத்தையும் மேசைமேல் இருந்த போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் இரண்டும் மடியில் அடக்கமாகக் கிடந்தன. அந்தக் கைகளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

லேஞ்சியில் வியர்வையும் கொஞ்சம் கிரீஸும்தான் இருந்தன. அந்த அம்மா பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஆனாலும் எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தை எடுத்து, எதற்காக இதைச் செய்தார் என்று என்னைக் கேட்டார். அவருடைய மகளுக்காக என்றேன். மகள் எங்கே? இந்தியாவில். அப்படியானால் இங்கே இருக்கும் சிலையைத் தொட்டால் அவளுக்கு என்ன?

பதில் சொன்னது ஞானதாஸ். அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம், இஞ்சின் அறையில் கற்றது. மேடம், இவர் சபையில் இப்படிச் செய்வார்கள், என் சபையில் செய்ய மாட்டோம், எனக்கு இது பிடிக்கவும் பிடிக்காது என்று ஆரம்பித்தான். பிறகு தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, சின்னப் பிள்ளை, இங்கே ஓட்டை, நேற்று ஆபரேஷன், இருக்கிறாளா இல்லையா தெரியாது, இரண்டரைக்குப் போன் என்றான். பையிலிருந்து போன் கார்டை எடுத்து மேசையில் வைத்தான்.

அந்த அம்மா கார்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணன் நம்பரைச் சொல்லச் சொல்ல நான் சுழற்றினேன். இரண்டு தடவை வெறும் இரைச்சல். மூன்றாவது தடவை மணி போயிற்று. பூத்காரர் மலையாளத்தில் ஆரா என்று கேட்டார். அண்ணன் வாங்கிக்கொண்டார். பீட்டருடைய குரல் பெரியது, அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அத்தான், நல்லபடியா முடிஞ்சு. அடைச்சாச்சுண்ணு டாக்டர் சொல்லியாச்சு. ராத்திரியும் தாண்டியாச்சு."

எனக்கு உயிர் வந்தது. ஞானதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அண்ணனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அத்தான்."

"கண்ணாடி வழியாட்டா?"

"உள்ள பெய் பாத்தேன்."

"தொட்டியா?"

அந்தப் பக்கம் பீட்டர் சிரித்தான். அழுதுகொண்டே சிரிப்பது நன்றாகக் கேட்டது.

"நீங்க இதத்தான் கேப்பியண்ணு எனக்குத் தெரியாதா அத்தான்? காலையிலேருந்து அந்த சிஸ்டருக்க பொறவே நடந்து கெஞ்சினேன். ஒருத்தரையும் உள்ள விடமாட்டாவ. கடைசியில கையக் கழுவச் சொல்லி, உடுப்பு மாத்தி, ஒரு நிமிஷம் விட்டாவ. தொட்டேன் அத்தான். உள்ளங்கை நல்ல சூடாட்டு இருக்கு. எனக்க வெரலப் பிடிச்சா. நான்தான் விடுவிச்சுட்டு வந்தேன்."

அண்ணன் எந்தக் கை என்று கேட்டார். வலது கை என்றான் பீட்டர். அண்ணன் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"நெஞ்சில கட்டு போட்டிருக்காவளா?"

"போட்டிருக்கு."

"அதத் தொடாண்டாம் மக்கா. ஒருத்தரையும் தொட விடாத. எனக்க அம்மை வந்து தடவுவா, விடாத. நானே வந்தாலும் விடாத."

எதையும் தொட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாத மனிதர் அதைச் சொல்லிவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தார். எங்களைப் பார்த்து, "சூடு உண்டாம்" என்றார்.

அந்த அம்மா என்னிடம், என்ன சொன்னார்கள் என்று கேட்டார். காவல்காரப் பெண்மணியும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் கை சூடாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அதற்குமேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.